ரீச்சரின் கொப்பியில் ஏறிய பதில்

ஏழு பெண்கள் ஒரே நேரத்தில் எழுந்து நின்றால் பெரிய சத்தம் ஒன்றும் வராது. சேலைகள் உரசும், ஒருத்தியின் கைப்பை மடியிலிருந்து நழுவி விழும், அவ்வளவுதான். அந்தச் சின்னச் சத்தத்துக்கு ரொறன்ரோவில் மாகாணச் சட்டசபை ஒருநாள் நின்றுபோனது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, வைகாசி மாதம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம். கீழே கல்வி மந்திரி பதில் சொல்ல எழுந்திருந்தார். மேலே, பார்வையாளர் கலரியில், நாங்கள் எழுந்திருந்தோம். சபையில் இருந்த அத்தனை பேரும் அண்ணாந்து எங்களைப் பார்த்தார்கள். அந்த முகங்கள் இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கின்றன. அன்றைக்கு எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது என்பதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

எங்களில் முதலில் எழுந்தவர் ரீச்சர். அவருக்கு அப்போது நாற்பத்துநான்கு வயது. யாழ்ப்பாணத்தில் பத்தொன்பது வருடம் சமூகக்கல்வி படிப்பித்தவர். இங்கே வந்து, வளர்ந்தவர்களுக்கான பகல் பள்ளிக்கூடம் ஒன்றில் என் பக்கத்து மேசையில் மாணவியாக இருந்தார். எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த வெள்ளைக்காரப் பெண்ணை நாங்கள் 'மிஸ்' என்போம். எங்களோடு இருந்து படித்தவரைத்தான் 'ரீச்சர்' என்போம். வகுப்பில் இருந்த சோமாலியர் ஒருவர் அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்து, கடைசிவரைக்கும் மிகுந்த மரியாதையோடு அப்படியே கூப்பிட்டார். ரீச்சரும் அவரைத் திருத்தவில்லை. அந்தப் பெயரைக் கேட்க அவருக்கு விருப்பமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

காலையில் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளில் இருந்து நடந்து வகுப்புக்கு வருவார். பின்னேரம் நகரத்துக் கட்டடங்களில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போவார். அவருடைய சான்றிதழ்கள் எல்லாம் இடம்பெயர்வுகளில் போய்விட்டன. இரண்டு பாடம்தான் மிச்சம், இரண்டும் ஆங்கிலம். அவை முடிந்தால் இந்த நாட்டின் உயர்தரப் பள்ளிச் சான்றிதழ் கையில் வரும். அதை வைத்துக்கொண்டு ஒரு கல்லூரியில் உதவி ஆசிரியருக்கான படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். சின்ன வகுப்பில் ஒரு மூலையில் நின்று, பிள்ளைகளுக்குச் சப்பாத்துக் கட்டிவிடுகிற வேலையாக இருந்தாலும் பரவாயில்லை, வகுப்பறைக்குள் போகவேண்டும் என்பார். வேறு ஆசை எதையும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. கணவர் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார், பிள்ளைகள் இல்லை.

அந்த வருடம் மாகாண அரசாங்கம், புரட்டாதி தொடக்கம் இருபத்தொரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பகல் பள்ளிக்கூடத்தில் இடமில்லை என்று அறிவித்தது. எங்கள் வகுப்பு இழுத்து மூடப்படும் என்று மிஸ் கரும்பலகையின் முன்னால் நின்று சொன்னார். பிறகு எங்கள் தொகுதியின் சட்டசபை உறுப்பினர் வகுப்புக்கு வந்தார், எதிர்க்கட்சிக்காரர். எங்கள் எல்லோருடைய கதையையும் கேட்டுவிட்டு ரீச்சருடைய கதையைத் தெரிந்தெடுத்தார். கேள்வி நேரத்தில் கல்வி மந்திரியிடம் நேரடியாகக் கேட்பேன், நீங்களும் வந்து மேலே கலரியில் இருங்கள் என்றார். தமிழ்ப் பெண்கள் ஏழு பேர் போவதென்று முடிவானது.

ரீச்சர் எங்களை ஒரு பள்ளிக்கூடத்தை ஆயத்தப்படுத்துவது போல ஆயத்தப்படுத்தினார். எல்லோரும் சேலை. சுவிங்கம் கூடாது. கால்மேல் கால் போடக்கூடாது. கல்வித் திணைக்களத்து ஆட்களை எப்படி எதிர்கொள்வது என்று எங்களில் அவருக்குத்தான் தெரியும். ஊரில் வட்டாரக் கல்வி அதிகாரி பள்ளிக்கூடத்துக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதை அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். அதிகாரி வகுப்புக்குள் வர எல்லோரும் எழும்புவார்கள். அவர் இருங்கோ இருங்கோ என்பார். ஒருவரும் இருக்கமாட்டார்கள். இரண்டாம் முறையும் சொல்லி, மூன்றாம் முறையும் சொன்ன பிறகுதான் இருப்பார்கள். போகும்போது அதிபரின் மேசையில் இருக்கிற சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் தான் கண்டதை எழுதிக் கையெழுத்து வைப்பார். கூரை ஒழுகுகிறது என்று அவர் எழுதினால் ஆறு மாதத்தில் கூரை வரும். எழுதாவிட்டால், வருடக்கணக்கில் கெஞ்சினாலும் வராது.

"சபையில சொல்லுறதும் அப்பிடித்தான் பிள்ளை," என்றார் என்னிடம். "மந்திரி வாயால சொன்னா அது பதிவிலை ஏறும். ஏறினது நடக்காமல் விடாது."

கலரி வாசலில் ஒரு காவலர் விதிகளைச் சொன்னார். கைதட்டக்கூடாது, சத்தம் போடக்கூடாது, தாள் எதையும் தூக்கிக் காட்டக்கூடாது. வேறும் ஏதோ சொன்னார், வேகமான ஆங்கிலம், எல்லாவற்றுக்கும் தலையாட்டினோம். உள்ளே போய் இருந்தால் கீழே ஒரே கூச்சல். ஒருவர் பேச மற்றவர்கள் மேசையில் அடித்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். ரீச்சரின் முகம் சுருங்கியது.

"உவையள் என்ன, பொறுப்பான ஆக்களே உப்பிடிக் கத்துகினம்?" என்று என் காதுக்குள் கேட்டார்.

எங்கள் உறுப்பினர் எழுந்தார். பத்தொன்பது வருடம் படிப்பித்த ஒரு பெண், இரண்டு பாடம் மட்டும் மிச்சமாக இருக்கிற ஒரு பெண், இன்றைக்கு இந்தக் கலரியில் இருக்கிறார், அவருக்கு மந்திரி என்ன பதில் சொல்லப்போகிறார் என்று கேட்டார். பெயர் சொல்லவில்லை. ஆனாலும் ரீச்சர் தலையைக் குனிந்துகொண்டார், காது சிவந்துவிட்டது. பிறகு மந்திரி பதில் சொல்ல எழுந்தார். ரீச்சரும் எழுந்தார். யோசித்து எழுந்த எழும்புதல் அல்ல அது, உடம்பு தானாக எழுந்தது. ரீச்சர் எழும்பினால் நாங்கள் எப்படி இருப்பது? மற்ற ஆறு பேரும் எழுந்தோம்.

காவலர் ஓடிவந்து, இருங்கள் என்று மெதுவாகச் சொன்னார். ரீச்சர் அவரைப் பார்த்துச் சிரித்து, வேண்டாம் பரவாயில்லை என்பதுபோலத் தலையை அசைத்தார். அவர் இரண்டாம் முறை சொன்னார், கொஞ்சம் உரத்து. ரீச்சர் மறுபடியும் சிரித்தார், நெஞ்சில் கை வைத்து நன்றிகூடச் சொன்னார். மூன்றாம் முறை சொன்னது காவலர் அல்ல, சபாநாயகர். அவர் எழுந்து நின்றதும் சபை அடங்கியது. கலரியில் ஆர்ப்பாட்டம் செய்பவர்களை வெளியே கொண்டுபோகும்படி சொன்னார். ஆர்ப்பாட்டம் என்பதற்கான ஆங்கிலச் சொல் எனக்குத் தெரியும். அது எங்களைப் பற்றித்தான் என்று விளங்கத்தான் நேரம் எடுத்தது.

வெளியே நடைபாதையில் ஒருத்தி அழுதாள். அவளுடைய அகதி வழக்கு முடியவில்லை, இது பைலில் ஏறிவிடுமோ என்று பயம். நான் ரீச்சரைப் பார்த்தேன். அவர் கலங்கவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

"மந்திரி நிண்டு பதில் சொல்லேக்கை நாங்கள் இருந்துகொண்டு கேக்கிறதே?" என்றார். "அந்தக் காவல்காரப் பெடியனுக்கு விளங்கேல்லை. மந்திரிக்கு விளங்கியிருக்கும். அவர் அண்ணாந்து பாத்தவர், நான் கண்டனான்."

பத்து நாள் கழித்து உறுப்பினரின் அலுவலகத்தில் இருந்து ஒரு கடிதஉறை வந்தது. என் ஆங்கிலம் மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை என்பதால் என் விலாசத்தைத்தான் கொடுத்திருந்தோம். உள்ளே அன்றைய சபைப் பதிவின் பிரதி, இரண்டு பக்கம். பஸ் தரிப்பிடத்திலேயே நின்று வாசித்தேன். எங்கள் உறுப்பினரின் கேள்வி முழுதாக இருந்தது. மந்திரியின் பதில் இரண்டு வரியில் நின்று, கலரியில் குழப்பம் என்று ஒரு குறிப்பு வந்து, பிறகு தொடர்ந்தது. ஏற்கெனவே படித்தவர்களை இன்னொருமுறை படிப்பிப்பதற்கு மாகாணத்திடம் வசதி இல்லை. இந்தப் பெண்களைச் சந்தித்துப் பேச ஆயத்தமாக வந்திருந்தேன், ஆனால் சபைக்கு வந்து ஆர்ப்பாட்டம் செய்பவர்களோடு பேச ஒன்றுமில்லை. சாரம் அதுதான். அந்த 'ஆயத்தமாக வந்திருந்தேன்' உண்மையோ, பேச்சுக்குச் சொன்னதோ, எனக்குத் தெரியாது. எப்படியென்றாலும் அது பதிவில் ஏறியிருந்தது.

ரீச்சரின் வீடு பதினாலாம் மாடியில். நான் போனபோது மேசையைத் துடைத்து, புதுக் கொப்பி ஒன்றைத் திறந்து, திகதி எழுதிக் கீழே கோடும் போட்டுவைத்திருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து இருந்தார்.

"உந்தச் சபை இங்கிலிஷ் எனக்குச் சரியா ஓடாது. நீ தமிழிலை சொல்லு, நான் எழுதுறன்," என்றார்.

கேள்வியை வரிவரியாகச் சரியாகத்தான் சொன்னேன். பத்தொன்பது வருடம் என்ற இடத்தில் அவருடைய பேனா ஒரு கணம் நின்று பிறகு எழுதியது. மந்திரியின் பதில் வந்தது. அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். நீங்கள் மரியாதை என்று செய்ததுதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று அந்த முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?

"கலரியிலை மரியாதையா எழும்பி நிண்ட பெண்களைத் தான் கவனிச்சதெண்டு மந்திரி சொல்லியிருக்கிறார் ரீச்சர்," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பேனா இன்னும் காத்துக்கொண்டிருந்தது. "அவையின்ர விஷயத்தைப் பரிசீலிக்கிறதாவும் சொல்லியிருக்கிறார்."

பரிசீலிப்பதாக. அந்தச் சொல் எங்கிருந்து என் வாயில் வந்ததோ தெரியாது. ஊரில் அரசாங்கக் கடிதங்களில் பார்த்த சொல். ரீச்சர் அதை முத்துமுத்தான எழுத்தில் எழுதி முற்றுப்புள்ளி வைத்தார். பிறகு தேத்தண்ணி ஊற்றப் போனார். நான் அந்த இரண்டு பக்கத்தையும் மடித்து என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். பத்திரமாக நான் வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். அவர் சரி என்றார். கொப்பியில் இருக்கும்போது அவருக்குத் தாள் எதற்கு?

பரிதாபத்தில் சொன்ன பொய் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது அரைவாசிதான் உண்மை. கெட்ட செய்தியை நேரே சொல்லாமல் சுற்றிவளைப்பது எங்கள் ஆட்களுக்குப் பிறவிக்குணம். செத்த வீட்டுச் செய்தியைக்கூடச் சுகமில்லை என்றுதான் முதலில் சொல்வோம். ஆனால் ஒருமணித்தியாலத்துக்குள் உண்மையைச் சொல்லிவிடுவோம். நான் அதைச் செய்யவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டு ஒரு பெரிய மனுஷி இருந்ததும், நான் சொல்லச்சொல்ல எழுதியதும் எனக்குப் பிடித்திருந்தது. என் ஆங்கிலத்தைப் பெரிதாக மதித்தவர் அவர் ஒருவர்தான்.

ஆனி மாதத்தில் மிஸ் ஒரு செய்தி கொண்டுவந்தார். நகரத்தின் கிழக்கில் வேறொரு பள்ளிக்கூடம், படிப்பை முடிக்கும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் பின்னேர வகுப்பில் சில இடங்கள் கொடுக்கிறது, மாத முடிவுக்குள் நேரில் போய்ப் பெயர் பதியவேண்டும் என்றார். ரீச்சரைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார். நான் அன்றைக்கே பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது ரீச்சரிடம், வாங்கோ போய்ப் பதிஞ்சிட்டு வருவம் என்று கேட்டேன். அவர் தலையாட்டினார், இல்லை என்று.

"மந்திரி பரிசீலிக்கிறன் எண்டு சொன்ன பிறகு, அவசரப்பட்டு வேறை இடத்திலை பேர் குடுத்தால் அவர் என்ன நினைப்பார்? இவையளுக்கு ஒண்டும் தேவையில்லை எண்டு பைலை மூடிப்போடுவினம். நீ போ பிள்ளை. உனக்கு நாலு பாடம் கிடக்கு. நான் கடிதம் வரட்டும் எண்டு பாக்கிறன்."

அப்போது சொல்லியிருக்கவேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. பஸ் வந்தது என்று சொல்வதும் ஒரு சாட்டுத்தான். அடுத்த நாள் இருந்தது, அதற்கடுத்த நாளும் இருந்தது. மாதம் முடிய இன்னும் பதினாறு நாள் இருந்தது. நான் தனியாகப் போய் என் பெயரைப் பதிந்தேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பேருக்குத்தான் பிறகு இடம் இருந்தது. திரும்பி வரும்போது அவருக்குப் பேயன் வாழைப்பழம் தேடி வாங்கிக்கொண்டு போனேன், ஏன் என்று எனக்கே தெரியாது.

கடிதம் வரவில்லை. புரட்டாதியில் எங்கள் பள்ளிக்கூடக் கதவில் பூட்டு. ரீச்சர் அந்த மாரிகாலம் முழுவதும் தபால்பெட்டியைத் திறந்து பார்த்தார். இரண்டு முறை தானே ஆங்கிலத்தில் மந்திரிக்கு எழுதிப் போட்டார். முதல் கடிதத்துக்கு அச்சடித்த பொதுவான பதில் ஒன்று வந்தது, இரண்டாவதுக்கு அதுவும் இல்லை. பிறகு பகலிலும் வேலை எடுத்தார், ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற வேலை. அதற்குப்பிறகு பெரிய விடுதி ஒன்றின் சலவைப் பகுதியில் பதினேழு வருடம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் படிப்பிக்க வரச்சொல்லி இரண்டொரு பேர் கேட்டார்கள். சான்றிதழ் இல்லாமல் வகுப்புக்குள் கால் வைக்கமாட்டேன் என்று மறுத்துவிட்டார். மந்திரிமேல் அவருக்குக் கோபம் வந்து நான் பார்க்கவில்லை.

"பரிசீலிக்கிறன் எண்டுதானே சொன்னவர். தாறன் எண்டு சொல்லேல்லையே," என்பார்.

நான் படிப்பை முடித்தேன். ஒரு காப்புறுதிக் கொம்பனியில் வேலை, பிறகு மார்க்கம் நகரில் வீடு, கார், ஒரு மகள். ரீச்சரின் கணவர் காலமான பிறகு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவரை ஏற்றிக்கொண்டு றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போகத் தொடங்கினேன். பதினொரு வருடமாக அப்படித்தான். பார்க்கிறவர்கள் என்னை மெச்சினார்கள். சொந்த மகள்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்றார்கள்.

போன மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை மகளும் எங்களோடு வந்தாள். அவள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கடைசி வருடம். பூசை முடிந்து கீழே மண்டபத்தில் சாப்பிடும்போது ரீச்சர் அவளிடம் பயிற்சியைப் பற்றி ஒவ்வொன்றாக விசாரித்தார். கரும்பலகை இன்னும் இருக்கிறதா, வரவு எப்படிப் பதிகிறார்கள் என்றெல்லாம். பேச்சு எப்படியோ சட்டசபைக்கு வந்தது.

"கல்வி மந்திரியே எங்கட மரியாதையைக் கண்டு சபையிலை சொன்னவர். உன்ர அம்மாதான் எனக்கு வாசிச்சுச் சொன்னவ. கொப்பி இன்னும் கிடக்கு," என்றார் ரீச்சர்.

"ரியலி அன்ரி? அந்தப் பதிவு எல்லாம் இப்ப ஒன்லைன்ல இருக்கு. எந்த வருஷம்?" என்று மகள் போனை எடுத்தாள்.

"உதை வை பிள்ளை, சாப்பிடுற நேரம்," என்றேன். அவள் அதற்குள் தேடத் தொடங்கியிருந்தாள். ரீச்சருக்குத் திகதி மறக்கவில்லை, கொப்பியில் அவர் முதலில் எழுதியது அதுதான். மகள் வாசித்தாள். அவளுடைய விரல் நின்றது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவள் என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தா, பாப்பம்," என்று ரீச்சர் கையை நீட்டினார். மகள் என் முகத்தைப் பார்த்தபடியே போனைக் கொடுத்தாள்.

சலவைப் பகுதியில் பதினேழு வருடம் நின்றவருக்கு ஆங்கிலம் வராமல் போகுமா? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்தைப் பெரிதாக்கி, விரலால் மெல்ல மெல்ல நகர்த்தி வாசித்தார். முடித்துவிட்டு மறுபடியும் மேலே போய் வாசித்தார். பக்கத்து மேசையில் யாரோ மோர் கேட்டார்கள். நான் இலையில் இருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரீச்சர், உங்கட மனம் நோகக்கூடாதெண்டுதான்..." என்று தொடங்கினேன்.

அவர் கோபப்படவில்லை. பத்தொன்பது வருடம் பிள்ளைகளிடம் கேட்ட குரலில், நிதானமாகக் கேட்டார்.

"அந்த மற்றப் பள்ளிக்கூடத்திலை பேர் பதியப் போகேக்கை உனக்கு இது தெரியும், என்ன?"

"ஓம் ரீச்சர்."

"நான் உன்னட்டை வாசிச்சுச் சொல்லத்தானே கேட்டனான்."

போனை மகளிடம் கொடுத்து, கண்ணாடியைக் கழற்றிக் கூட்டுக்குள் வைத்து, கை கழுவிவிட்டு வந்தார். பிறகு என் மகளின் தோளில் கை வைத்து, "பிள்ளை, என்னை வீட்டை கொண்டுபோய் விடுறியே?" என்று கேட்டார். நான் கார்த் திறப்பை மகளிடம் கொடுத்தேன். இருவரும் போனார்கள். பேவியூ வீதியில் கார் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில், வழக்கமான நேரத்துக்கு நான் அவருடைய கட்டடத்துக்குக் கீழே போய் நின்று மணி அடிக்கிறேன். என்னைக் கோயிலுக்கு வேறு ஆள் கூட்டிக்கொண்டு போகிறது, நன்றி என்று மேலேயிருந்து வாசல் பேசியில் ரீச்சரின் பதில் மரியாதையாக வருகிறது.